“வேறு வாரிசு இல்லை” என்ற நாலாவது வரி

1

“இறந்தவருக்கு மேற்படி மகள் ஒருத்தியைத் தவிர வேறு வாரிசு எவரும் இல்லை.”

நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாளின் நாலாவது வரி இது. மூலம் தெலுங்கு, தமிழ் என்னுடையது. போட்ட இடம் லிஸ்பனில் நம் தூதரகம். தேதி 25 ஜூன் 2025, புதன்கிழமை.

இன்று ஆகஸ்ட் 14, வியாழன். நாங்கள் குடியிருக்கும் ஊருக்கு விடுமுறை. ஊரின் பெயர் பத்தாலியா. போர்த்துக்கீசிய மொழியில் போர் என்று அர்த்தம். அறுநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால், 1385இல், இதே தேதியில், இங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் போர்த்துக்கல்லும் காஸ்திலும் மோதிக்கொண்டன. அல்ஜுபரோட்டா சண்டை என்பார்கள். ஓர் அரசர் ஆண்பிள்ளை இல்லாமல் செத்ததால் வந்த சண்டை. காலையிலிருந்து தெருவில் மத்தளம் கேட்கிறது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஊர் ஆந்திராவில், வடமாலபேட்டைக்கும் புத்தூருக்கும் நடுவில், சென்னை ரோட்டை ஒட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஊர் நகரி. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பொருட்களுக்கு இரும்பு அச்சு கடையும் வேலையில் இருந்தவர். அந்தத் தொழில் இந்தப் பக்கத்திலும் நிறைய. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருஷத்துக்கு முன் வந்தோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மகள் மதுவுக்குப் பதினைந்து வயது. எதற்கும் தேதி குறித்துவைப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். வீட்டுக்காரர் என்னைப் பஞ்சாங்கம் என்றுதான் கூப்பிடுவார்.

2

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1383 அக்டோபர் 22இல் போர்த்துக்கல் அரசர் பெர்னாண்டோ இறந்தார். இருந்தது ஒரே மகள், பெயாத்ரிஸ், வயது பத்து. அந்த மே மாதம்தான் அவளைப் பக்கத்து நாடான காஸ்திலின் அரசருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் கல்யாணம். இரண்டு நாடும் ஒன்றாகக் கூடாது, மாமியார்தான் ஆட்சியைப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மாமனார் போன சேதி எட்டியதும் மாப்பிள்ளை அதை ஓரமாக வைத்துவிட்டு, மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு படையோடு எல்லை தாண்டினார்.

எதிர்ப்பக்கம் நின்றவர் ஜுவாவ். செத்த அரசருக்குத் தம்பி முறை. அப்பா ஒருவர்தான், அம்மா வேறு. முறைப்படி கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்தவர். லிஸ்பன் ஜனங்கள் அவர் பின்னால் நின்றார்கள். 1384இல் காஸ்தில் படை லிஸ்பனை மாதக்கணக்கில் வளைத்துக்கொண்டிருந்தது. மதிலுக்கு உள்ளே பட்டினிச் சாவு, வெளியே முகாமில் கொள்ளைநோய். முற்றுகையை முடித்துவைத்தது அந்த நோய்தான், வீரம் அல்ல.

அடுத்த வருஷம் கொயிம்ப்ரா நகரத்தில் சபை கூடியது. அங்கே ஒரு வழக்கறிஞர் பேசினார். அரியணை கேட்கிற ஒவ்வொருவரின் பிறப்பையும் எடுத்து, அப்பா அம்மா கல்யாணத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டினார். பழைய அரசர் ஒருவர், தான் ஒரு பெண்ணை ரகசியமாக மணந்துகொண்டதாகச் சத்தியம் செய்திருந்தார். எந்த நாள் என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அத்தோடு உரிமை போயிற்று. பெயாத்ரிஸின் அம்மாவுக்கும் ஏற்கெனவே ஒரு புருஷன் இருந்தானாம். எனவே பெயாத்ரிஸுக்கும் உரிமை இல்லை. எல்லாருடைய பிறப்பிலும் பழுது என்று ஆனபிறகு, ஜுவாவின் பழுது மட்டும் பெரிதாகத் தெரியவில்லை. 1385 ஏப்ரல் 6இல் அவரை அரசர் ஆக்கினார்கள். ஆகஸ்ட் 14இல் சண்டை. சாயங்காலம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்கிறார்கள். தப்பி ஓடியவர்களை அடுத்தடுத்த நாட்களில் கிராமத்து ஜனங்கள் கண்ட இடத்தில் அடித்துக் கொன்றார்கள். ரொட்டி சுடும் ஒருத்தி அடுப்புத் துடுப்பாலேயே ஏழு பேரைக் கொன்றாள் என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது. ஆனால் இங்கே குழந்தைகளுக்குக்கூட அவளைத் தெரியும்.

மதுவின் பள்ளியிலிருந்து சில பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டப் போட்டிருக்கிறார்கள். போன சனிக்கிழமை ஒத்திகைக்கு நானும் கூடப் போனேன். ஒரு மேட்டைக் காட்டிச் சொன்னாள்.

“நாங்க ஆறாயிரம் பேரும்மா. அவங்க முப்பதாயிரம். ஓட ஓட அடிச்சோம்.”

எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும் என்பதை நான் சொல்லவில்லை. “நாங்கன்னா யாருடி?” என்றேன்.

“நாங்கதான். போர்த்துக்கல்.”

“அந்தப் பொண்ணு, பெயாத்ரிஸ்?”

“அவ காஸ்தில்காரி.”

“பொறந்தது கொயிம்ப்ராவுல. பஸ் புடிச்சா மத்தியானத்துக்குள்ள போய்ட்டு வந்துடலாம்.”

“புருஷன் அங்கதான? அப்ப அவளும் அந்தப் பக்கம்தான். நீதான சொல்லுவ, கல்யாணம் ஆயிட்டா நகரிதான் என் ஊருன்னு.” சொல்லிவிட்டு, தன் சிநேகிதிகள் பக்கம் ஓடிவிட்டாள்.

பெயாத்ரிஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அவள் பேரில் ஒப்பந்தம் எழுதினார்கள், அவள் பேரில் நாணயம் அடித்தார்கள், அவள் பேரில் ஆட்களைக் கொன்றார்கள். அவளே பேசியதாக நான் படித்ததில் ஒரு வாக்கியம்கூட இல்லை.

3

எங்கள் நைனா, அதாவது அப்பா, ரேணிகுண்டாவில் ரயில்வேயில் இருந்தார். அம்மா 1986 செப்டம்பர் 12இல் போய்விட்டாள். எனக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷம் கழித்து நைனா பாலசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தார். திருத்தணியில் தாலி கட்டுவதாகத்தான் ஏற்பாடு. என் தாய்மாமன் வந்து வாசலில் நின்று கத்தினார். “எந் தங்கச்சி எடத்துல இன்னொருத்தி கழுத்துல கயிறு ஏறட்டும், அப்புறம் இந்தக் கொயந்தயக் கூட்டிக்கினு போய்டுவேன், இவ மொகத்துலயே முழிக்க மாட்டே.” என்னை விட்டுக்கொடுக்க நைனாவால் முடியவில்லை. தாலி கட்டுவதை நிறுத்திவிட்டார். என்னால்தான் அந்த அம்மா கழுத்தில் தாலி ஏறவில்லை.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்சாரம் என்றே சொன்னது. 1989 நவம்பர் 9இல் சேகர் பிறந்தான். பிரசவம் தாய்வீட்டில். பள்ளியில் சேர்த்ததும் அங்கேதான். தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் அவனுடைய மாமன் தன் பெயரைச் சொல்லி எழுதவைத்துவிட்டார். தாலி கட்டாதவன் பெயரை எழுதினால் பிள்ளைக்கு அவமானம் என்று நினைத்தாராம். ரேஷன் கார்டும் அங்கேயே இருந்துவிட்டது. லீவுக்கும் பண்டிகைக்கும் வந்துகொண்டிருந்தவன் எட்டாவதோடு நிறுத்திவிட்டு நிரந்தரமாக எங்கள் வீட்டுக்கு வந்தான். அந்தக் காகிதங்களை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்துக்குக் காகிதம் எதற்கு?

வீட்டின் முன்பக்கம், ரோட்டைப் பார்த்து, பஞ்சர் கடை போட்டான். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண்பிள்ளைகள். அவன் அம்மா 2019 மார்ச்சில் இறந்தார். அதே வருஷம் நைனாவுக்குப் பக்கவாதம். ஆறு வருஷம் சேகர்தான் குளிப்பாட்டினான், துணி மாற்றினான், ஊட்டினான். நான் வீடியோவில் அதட்டுவேன்.

“அக்கா, துன்ன மாட்டேன்றாரு. கஞ்சிய வாயிலயே வச்சிக்கினு கீறாரு. நீ ஒரு சவுண்டு குடு.”

“நைனா! முழுங்கு!”

“ஆங், எறங்கிட்ச்சி. அக்கா, நீ அங்க இன்னா வேல பாக்குற? பேசாம தெனம் மூணு வேள போன்ல வா, போதும்.”

நைனா 2025 பிப்ரவரி 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விட்டார். எங்களுக்கு அப்போது தங்கும் அனுமதி அட்டை புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே போனால் திரும்பி வரமுடியுமா என்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை. போகவில்லை. மறுநாள் சுடுகாட்டில் யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருக்க, சேகர் மொட்டைத் தலையும் தோளில் பானையுமாக மூன்று சுற்று வந்து கொள்ளி வைத்தான். அதைப் படம் எடுத்துவைத்தேன். இங்கே காலை மணி 7:04.

4

மே மாதம் நகரியிலிருந்து என் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், ஒரு தாள் அனுப்பினார். நைனாவின் வீட்டை என் பேரில் மாற்றவும், பிறகு விற்கவும் அவருக்கு நான் அதிகாரம் கொடுக்கிறேன் என்பது தாளின் சாரம்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பயந்தவர். எங்கள் அட்டைக்கு அழைப்பு வரவேண்டிய தேதி மூன்று தடவை தள்ளிப்போயிற்று. டி.வி.யில் எங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்.

“நாளைக்கி கெளம்புன்னுட்டா எங்கடி போவ? அங்க ஓரடி எடம் கீதா நமக்கு?”

“சேகரு கீறானே அங்க.”

“அவன் யாரு? காயிதத்துல காட்டு. மாமா புள்ளன்னு ஒரே ஒரு காயிதம் காட்டு, நான் வாய மூடிக்கிறேன்.”

காட்டக் காகிதம் இல்லை.

ஜூன் 25ஆம் தேதி லிஸ்பன் போனோம். வரிசையில் உட்கார்ந்தபடி தாளை முழுக்கப் படித்தேன். அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று யாராவது எனக்காக வாதாடினால் நம்பாதீர்கள். இரண்டு தடவை படித்தேன். நைனா இறந்த தேதி 3 என்று இருந்தது. அது எரித்த தேதி. இறந்தது 2. ஜன்னலில் இருந்த அலுவலர் “படிச்சிட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

“படிச்சேன் சார். ஒரு தப்பு கீது.”

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவர் அப்போது என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

“தேதி,” என்றேன்.

மூன்றை அடித்து இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். மூன்றாவது வரியில் இருந்தது அந்தத் தேதி. அதற்கு அடுத்த வரியையும் என் விரல் தடவிக்கொண்டுதான் போனது. அதை அடிக்கவில்லை. கீழே பெயர் எழுதினேன்.

பெயாத்ரிஸுக்கு எல்லாக் கையெழுத்தையும் மற்றவர்கள் போட்டார்கள். அவளுக்கு வயது பத்து. எனக்கு நாற்பத்தெட்டு.

5

ஆகஸ்ட் 10, ஞாயிறு, காலை பத்து மணிக்கு சேகர் கூப்பிட்டான். வழக்கமாக வீடியோவில் வருவான். அன்றைக்குக் குரல் மட்டும்.

“அக்கா, ஒங்க மச்சாண்டாரு வந்துக்கினு போனாரு. கூட நாலு பேரு. இருவதாந்தேதிக்குள்ள காலி பண்ணனுமாம்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“மண்டல ஆபீஸ்ல குடுத்த வாரிசு காயிதம்னு ஒண்ணு காட்டினாரு. ஒம் பேரு மட்டும்தான் கீது. விசாரணைக்கி அவுங்க வந்த அன்னிக்கி நான் சின்னவள ஜொரம்னு திருப்பதி ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போயிருந்தேன். வீட்ல ஆளே இல்ல. ரெண்டு சாட்சி சந்தகம் பெட்டிருக்காங்க, கையெழுத்து. ஒருத்தரு நகரிக்காரரு, நான் மூஞ்சியே பாத்ததில்ல.”

“சேகரு...”

“இரு, சொல்லி முடிச்சிட்றேன். நான்தான கொள்ளி வச்சேன், ஊரே பாத்துதேன்னு கேட்டேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? கொள்ளி வைக்க ஆம்பளப் புள்ள இல்லாத வூட்ல கூலிக்கி ஆள் வக்கிறதில்லியா, அப்டித்தான்னாரு.” சிரித்தான். “கூலி இன்னும் வரலக்கா. மொட்டைக்கும் நான்தான் குடுத்தேன்.”

அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தத் தாளு ஒனக்கு அர்த்தம் ஆவாம போட்டுட்டியா? தெலுங்குல இருந்துச்சின்னு? அப்டின்னா சொல்லிடு. நான் எல்லார்கிட்டயும் அப்டியே சொல்லிக்கிறேன்.”

எனக்கு அவன் கதவைத் திறந்துவிட்டான். புகுந்து போயிருக்கலாம்.

“அர்த்தம் ஆச்சி,” என்றேன்.

அவன் பக்கம் ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டது. பிறகு, “செரிக்கா, வச்சிட்றேன், கடையில ஆளு நிக்கிறாங்க,” என்றான்.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். என்னோடு வேலை செய்யும் லூர்தெஸ், அறுபது வயதுக்காரி, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். தம்பியோடு வீட்டுப் பிரச்சினை என்றேன்.

“முழுத் தம்பியா, பாதித் தம்பியா?”

இவர்கள் மொழியில் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை. “பாதி,” என்றேன்.

“ஓகோ! பாதித் தம்பி உள்ளே, பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே. அப்படியானால் நீதான் காஸ்தில். பதினாலாம் தேதி தெருவில் தலைகாட்டாதே மகளே, நான் ரொட்டித் துடுப்போடு நிற்பேன்!” உரிக்கிற கத்தியைத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டினாள். சமையலறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

6

இந்தப் பகுதியை ஆகஸ்ட் 24இல் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15 இங்கேயும் விடுமுறை, மாதாவின் திருநாள். வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அதிகாரத்தை ரத்து செய்யப்போகிறேன் என்றேன்.

“யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு இத?”

“யாரும் இல்ல.”

“எங்கண்ணன் மானம் போவும். தெரியுதா?”

“சேகரு வூடு போவுது.”

“வூடு வூடுன்ற. நமக்கு எங்கடி கீது வூடு? இங்க இந்த ரெண்டு ரூமு, அதுவும் அடுத்த வருஷம் கெடையாதுன்னு ஓனரு சொல்லிட்டான். பஞ்சாங்கம், நீ தேதி எழுதிக்கினே இரு. ஒரு நாளு அட்ட வராது, அப்ப தெரியும்.” எழுந்து போய் பால்கனியில் நின்றுகொண்டார். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

தூதரகத்தில் 19ஆம் தேதி, செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கிடைத்தது. முந்தினநாள் சேகரின் கொள்ளிப் படத்தை மதுவிடம் கொடுத்து, பெரிதாக அச்செடுத்துத் தரச் சொன்னேன். எடுத்துவந்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாரும்மா இந்த மொட்ட?”

“ஒம் மாமாடி. சேகர் மாமா.”

“எந்த சேகர்?” என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. நைனா இருந்தவரை தினமும் அந்த முகம் எங்கள் வீட்டுப் போனில் இருந்தது. அவள் அடுத்த அறையில் இருந்திருக்கிறாள்.

தனியாக பஸ் ஏறி லிஸ்பன் போனேன். இரண்டு தாள்கள். ஒன்று, ஜூன் 25ஆம் தேதி கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்கிறேன் என்று. இன்னொன்று, நாலாவது வரி பொய், பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன், சேகர் என் தகப்பனாரின் மகன் என்று. பொய்யான உறுதிமொழிக்கு என்ன தண்டனை என்பதைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். அலுவலர் இரண்டாவது தாளை மூன்று தடவை படித்தார். “நெஜமாவே இத அனுப்பணுமாம்மா?” என்றார். அனுப்பவேண்டும் என்றேன். முத்திரை வைத்தபோது சுவரில் மணி 11:25. படமும் தாள்களும் அன்றைக்கே கூரியரில் போயின, சேகருக்கு ஒரு நகல், மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று. போனிலும் சேகருக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

7

செப்டம்பர் 2, செவ்வாய்.

சேகர் என் போனை எடுப்பதில்லை. அவன் மனைவி எடுக்கிறாள். கடைக்கு வேறு யாரோ பூட்டுப் போட்டுவிட்டார்கள். வீட்டில்தான் இன்னும் இருக்கிறார்கள். சின்னவளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, திரும்பி வரும்போது கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வாள் என்று பயம். “அவுரு வெளிய கீறாருங்க” என்பதற்கு மேல் என்னோடு பேச அவளுக்கு விருப்பமில்லை. முன்னெல்லாம் அண்ணி என்று கூப்பிடுவாள்.

வீடு கிரயம் ஆகிவிட்டது என்கிறார் வீட்டுக்காரர். மச்சாண்டார் தன் மைத்துனன் பெயருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை பதிவானது என்று அவர் சொல்கிறார். அப்படியானால் நான் லிஸ்பனில் ரத்து செய்தபோது ஒரு நாள் தாண்டிவிட்டது. பத்திரம் எழுதுகிறவரிடம் விசாரித்ததில் 22ஆம் தேதிதான் பதிவுக்கு டோக்கன் போட்டார்கள் என்று தெரிந்ததாக சேகரின் மனைவி சொல்கிறாள். அப்படியானால் மூன்று நாள் முன்னதாகவே அந்த அதிகாரம் செத்துவிட்டது. சேகருக்கு வழக்குப் போட ஒரு பிடி இருக்கிறது.

வில்லங்கம் பார்க்கும் இணையப் பக்கம் இங்கிருந்து எனக்குத் திறக்கவில்லை. திருப்பதியில் ஒரு வக்கீலுக்கு எழுதியிருக்கிறேன். பத்திரத்தின் நகலை நான் பார்க்கவில்லை. பதிவான தேதி பதினெட்டா இருபத்திரண்டா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.